திகில் கதையும் மலைநாட்டு மூடுபனியும்



நுவரெலியாக் குன்றுகளில் மாலை மங்குமுன்னரே மூடுபனி இறங்கிவிடும் நாட்கள் உண்டு. தேயிலைச் செடிகள் முதலில் மறையும்; பின்னர் நிழல் மரங்கள் மறையும்; கடைசியில் லயத்து வாசற்படியும் கண்ணுக்குத் தெரியாது. அவ்வேளையில் அடுப்பைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் அமர, பாட்டி ஒருத்தி ஓடைக்கரை முனியின் கதையைத் தொடங்குகிறாள். பாலத்தடியில் ஏதோ அசைந்தது என்று சொன்னவள், கதையை நிறுத்திவிட்டு விறகைத் தள்ளுகிறாள். விறகு பற்றிக்கொள்ளும் வரையில் பிள்ளைகள் மூச்சு விடுவதில்லை. திகில் கதையின் இரகசியம் அந்த இடைவேளையிலே அடங்கியிருக்கிறது.

ஆங்கிலத்தில் 'கொதிக்' கதைகளைத் தொடங்கி வைத்தவர் ஹொரேஸ் வால்போல். 1764-ல் வெளிவந்த அவருடைய 'ஒட்ரான்டோ கோட்டை' என்ற நாவலில், ஒரு பெருந்தலைக்கவசம் தொடக்கத்திலேயே விழுந்து மணமகனை நசுக்கிவிடுகிறது. அங்கே வியப்பு உண்டு, காத்திருப்பு இல்லை. காத்திருக்க வைக்கும் வித்தையை வளர்த்தவர் ஆன் ராட்கிளிஃப் அம்மையார். அவருடைய 'உடோல்ஃபோவின் மர்மங்கள்' 1794-ல் வெளிவந்தது. அதன் கதாநாயகி ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து மயங்கி விழுகிறாள். அவள் கண்டது என்ன? நூலின் இறுதிப் பகுதி வரையில் ஆசிரியர் அதைச் சொல்வதில்லை. பின்னர் அது வெறும் மெழுகுருவம் என்று தெரியவருகிறது. ஆயினும், இடைப்பட்ட பக்கங்களில் வாசகர் மனமே ஆயிரம் பயங்கரங்களைப் படைத்துவிடுகிறது.

தமிழில் இக்கலையை நன்கு உணர்ந்தவர் புதுமைப்பித்தன். மேரி ஷெல்லியின் புகழ்பெற்ற கதையைப் 'பிரேத மனிதன்' என்று தமிழாக்கிய அவர், 1943-ல் வெளிவந்த 'காஞ்சனை'யில் கோட்டையையும் சுரங்கத்தையும் நாடவில்லை. சாதாரண வீடு, உறக்கம் வராத ஓர் இரவு, எங்கிருந்தோ வரும் ஒரு நாற்றம், வேலை கேட்டு வாசலுக்கு வரும் பெண் ஒருத்தி, இவையே போதுமாயின. அவளுடைய பாதம் தரையில் படுகிறதா, இல்லையா? ஐயம் ஒரு கணம் எழுகிறது, உடனே தணிகிறது, ஆனால் அகல்வதில்லை. பழகிய வீடு அந்நியமாகத் தோன்றும்போது பிறக்கும் அச்சம் பேயுருவைக் கண்டும் பிறப்பதில்லை.

மலைநாட்டில் எழுதத் தொடங்கும் இளைஞர் இதை நினைவிற் கொள்ளவேண்டும். பாழடைந்த கோட்டையில் நூறு அறைகள் இருக்கலாம். ஓடி ஒளிய இடமும் இருக்கலாம். லயத்துக் காம்பராவிலோ ஒரே வாசல். பக்கத்துக் காம்பராவின் இருமலும் சுவரைத் தாண்டிக் கேட்கும். அந்த இருமல் ஓரிரவு கேளாமற்போனால், அதைவிடப் பெரிய திகில் வேறு வேண்டுமா?

ஒருவர்மேல் அன்பு பிறந்த பின்னரே அவருக்காக அஞ்சமுடியும். இதற்கும் மலைநாட்டில் பஞ்சமில்லை. மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வந்த முன்னோரில், நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். அவர்கள் அஞ்சி நடந்த இரவுகள் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை; பாட்டிமார் கதைகளில் அவற்றின் நிழல் தங்கியிருக்கலாம். அடுப்பு அணையுமுன் அக்கதைகளைக் கேட்டு எழுதிவைப்பது இளையோர் கடமை. எழுதும்போது, பாட்டி நிறுத்திய இடத்தில் அவர்களும் சற்று நிறுத்தட்டும்.