வாடகை மலிவு, வாழ்க்கை மலிவா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்த பெரியவர்கள், கடல் தாண்டிப் போய் ஒரு வாடகை வீடு பிடித்துப் பார் என்று சேர்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சொல்லியிருந்தால் இன்று ஈப்போவில் வந்து இறங்கும் எத்தனையோ தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

ஈப்போவுக்குப் புதிதாக வருகிறவரிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "புந்தோங்குக்குப் போங்க தம்பி. கோலாலம்பூர் மாதிரி வாடகை இல்லை. கோயில் இருக்கு, சாப்பாட்டுக்கடை இருக்கு, நம்ம ஆளுங்க இருக்காங்க." மூன்றும் உண்மைதான். பேராக் மாநிலத்தில் தமிழர் அடர்ந்து வாழும் இடங்களில் புந்தோங்குக்குத் தனி இடம் உண்டு. தைப்பூசத்தன்று சுங்கைப் பாரி சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து குனோங் சீரோ முருகன் கோயிலுக்குக் காவடிகள் போகும்போது பார்த்தால், இது மலேசியாவா திருநெல்வேலியா என்று ஒரு கணம் சந்தேகம் வந்துவிடும். ஆனால் வாடகை மலிவு என்பது ஒரு கணக்கு. வாழ்க்கை மலிவு என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வருகிறவர்தான் மூன்றாவது மாதத்தில் முழிக்கிறார்.

புந்தோங்கே வந்தவர்களால் உண்டான ஊர். அவசரகாலத்தில் மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய புதுக்கிராமங்களில் அதுவும் ஒன்று. பாரதி பிறந்த எட்டயபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த சில குடும்பங்கள் முறுக்கும் கடலையும் போட்டு விற்று, இன்று கச்சாங் பூத்தே கம்பம் என்றால் நாடே அறியும்படி செய்துவிட்டன. சீனர்கள் வளர்க்கும் புந்தோங் தவ்கேக்கும் அதே அளவு பெயர் உண்டு. இவர்களுக்கெல்லாம் அடுத்து, பெருங்கூட்டமாக வந்து சேர்ந்தவர்கள் தோட்டப்புறத்து மக்கள்.

தோட்டத்தில் வாடகை என்ற பேச்சே கிடையாது. லயத்து வீடு நிர்வாகத்தின் வீடு. தண்ணீர் நிர்வாகத்தின் தண்ணீர். சம்பளம் குறைவு, ஆனால் மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் வந்து வாசலில் நிற்க மாட்டார். பலர் அதை ஒரு சலுகையாகவே நினைத்து இரண்டு மூன்று தலைமுறைகளை ஓட்டிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு ஒரு விலை இருந்தது. வேலை இருக்கும்வரைதான் வீடு. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, மரம் சீவும் வேலையோடு கூரையும் போயிற்று. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றது. 1969க்குப் பிறகு அது கடுமையாக அமலுக்கு வந்தபோது, இந்த மண்ணிலேயே பிறந்து சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த பலரும் ஒரே நாளில் அந்நியர் ஆனார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பின்னால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் போய்த் தாமான் வந்தது. மிஞ்சியவர்கள் மூட்டை முடிச்சுகளோடு பட்டணத்து ஓரங்களுக்கு வந்தார்கள். ஐம்பது வயதில், வாழ்க்கையில் முதன்முதலாக, வாடகை என்று ஒன்று கொடுத்தார்கள்.

இந்தப் பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். இன்று தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வருகிறவர் நிற்பதும் ஏறக்குறைய அதே வாசலில்தான் என்பதற்காக. உணவகச் சமையல்காரர், முடிதிருத்துநர், பொற்கொல்லர், துணிக்கடை ஊழியர், கோயில் குருக்கள், நாதஸ்வர வித்துவான் என்று பலரும் வருகிறார்கள். 2009இல் நிறுத்தப்பட்ட அந்நியத் தொழிலாளர் அனுமதி, 2023இல் முடிதிருத்தகம், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேர் என்ற அளவில் திறந்துவிடப்பட்டது. "தங்குமிடம் இலவசம்" என்ற இரண்டு சொல்லைக் கேட்டதும் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு நிம்மதி. வந்து பார்த்தால் கடை மாடியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. வேலை போனால் அன்று மாலையே பெட்டி தெருவில். லயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? லயத்தில் வாசலில் ஒரு முருங்கை மரமாவது இருந்தது!

ஆனால் ஒரு விஷயத்தில் இன்றைய ஆளுக்கு அன்றைய ஆளைவிடப் பாதுகாப்பு கூடுதல். தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் 1990இல் வந்தபோது, தோட்டத் தொழிலாளர்களையே முக்கியமாக மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. முதலாளி தங்குமிடம் கொடுத்தால், தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். வாங்காவிட்டால் அபராதம் 50,000 ரிங்கிட் வரை போகலாம். வீடு, கடை மாடி போன்ற இடங்களில் ஒருவர் படுக்க 3.6 சதுர மீட்டர் இடம் வேண்டும். அதாவது ஆறடிக்கு ஆறரை அடி. மெத்தை நான்கு அங்குலக் கனமாவது இருக்க வேண்டும், பூட்டு வைத்த அலமாரி வேண்டும் என்பதுவரை விதியில் எழுதியிருக்கிறது. தங்குமிடத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதாக இருந்தால் மாதம் 100 ரிங்கிட்டுக்கு மேல் பிடிக்கக் கூடாது. சம்பளச் சீட்டில் "ஹோஸ்டல் 250" என்று இருந்தால் அந்தச் சீட்டைக் கசக்கி எறியாமல் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

இனி, தனியாக வீடு பிடிப்பவரின் கதை. மருத்துவர், விரிவுரையாளர், கணினிப் பொறியாளர் போன்றவர்கள் பெரும்பாலும் இப்படி வருவார்கள். ஹோஸ்டல் பிடிக்காமல் மூன்று பேர் சேர்ந்து வீடு எடுக்கும் தொழிலாளர்களும் உண்டு. மாத வாடகை 800 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், கையில் 800 போதாது. இரண்டு மாத முன்பணம் 1,600. தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத முன்பணம் 400. முதல் மாத வாடகை 800. சாவி கைக்கு வருமுன் 2,800 ரிங்கிட் இறங்கிவிடும். வீட்டு முகவர் மூலம் போனால் அவருடைய கட்டணம் யார் தலையில் விழும் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். விசிறிகூட இல்லாத காலி வீடாக இருந்தால் அடுப்பு, பாய், குளிர்பெட்டி என்று இன்னும் ஆயிரம்.

இங்கேதான் ரூபாய்க் கணக்கு ஆளைக் கவிழ்க்கிறது. ஒரு ரிங்கிட் ஏறக்குறைய இருபது ரூபாய் என்று பெருக்கிப் பார்த்து, 1,700 ரிங்கிட் சம்பளத்தை முப்பத்து நாலாயிரம் ரூபாய் என்று ஊரில் சொல்லிவிட்டு வருகிறார்கள். 1,700 என்பது 2025இல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம். அதில் சேமநிதிக்கு 34 போகும். அந்நியத் தொழிலாளருக்கும் 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து இரண்டு விழுக்காடு கட்டாயம். முதலாளியும் இரண்டு விழுக்காடு போடுவார். நாடு திரும்பும்போது எடுத்துக்கொள்ளும் பணம் அது, மறந்துவிட்டுப் போகக் கூடாது. 800 ரிங்கிட் வாடகையை மூவர் பகிர்ந்தால் தலைக்கு 267. கடையில் ஒரு வேளைக்கு 8 வெள்ளி என்று வைத்தாலும் மூன்று வேளைக்கு மாதம் 720. மீதி எழுநூறுக்கும் கீழே. தொலைபேசி, மின்சாரம், முடிவெட்டு, எப்போதாவது ஒரு படம் என்று எல்லாம் அதற்குள்தான். வந்த வருவாயில் இருந்து ஊருக்கு அனுப்புவதை ரூபாயில் கணக்கிடலாம். செலவை மட்டும் ரிங்கிட்டில்தான் கணக்கிட வேண்டும். இந்தக் கணக்கில் குறைக்கக்கூடிய பெரிய தொகை வாடகை அல்ல, அந்த 720தான். மூவரும் முறைவைத்துச் சமைத்தால் அது பாதியாகக்கூட இறங்கும். புந்தோங் சந்தையில் கீரையும் தவ்கேயும் மீனும் வாங்கிச் சமைக்கிறவருக்கே இந்த ஊர் மலிவு. காலையில் ரொட்டி சானாயும் தேத்தாரேயும், இரவில் நாசி கோரெங்கும் என்று இருப்பவருக்கு ஈப்போவும் கோலாலம்பூரும் ஒன்றுதான்.

இன்னொன்று, உள்ளூர்க்காரருக்கு மலிவாக இருப்பது எல்லாம் வந்தவருக்கும் மலிவாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அரசு மருத்துவமனையில் குடிமகன் ஒரு ரிங்கிட் சீட்டில் வெளிநோயாளியாக வைத்தியம் பார்க்கிறார். அந்நியர் பல மடங்கு கட்ட வேண்டும். பெட்ரோலும் அப்படியே. 2025 செப்டம்பர் 30 அன்று தொடங்கிய திட்டத்தில், மைகாட் வைத்திருக்கும் குடிமக்களுக்கு ரோன் 95 லிட்டர் 1.99 ரிங்கிட், மற்றவர்களுக்கு மானியமில்லாத விலை. பஸ் இருக்கிறதே என்றால், உணவகம் மூடி இரவு பதினொரு மணிக்கு வெளியே வருகிறவருக்குப் பஸ் ஏது? வேலை இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஐம்பது வெள்ளி கூடுதலாக வாடகை கொடுப்பது, தள்ளிப்போய் மலிவாக இருந்துகொண்டு மோட்டார் வாங்குவதைவிடப் பல நேரம் லாபம்.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போவது சரியல்ல. ஒரு வீட்டின் வாடகையையே நம்பி மருந்து மாத்திரை வாங்கும் முதியவர்கள் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன குடியிருப்பாளர் விட்டுப்போன மின்கட்டணத்தை அவர்கள்தான் அழ வேண்டும். அதைவிடப் பெரிய பயம் குடிநுழைவு இலாகா. உரிய ஆவணம் இல்லாதவரைத் தன் இடத்தில் தங்கவிட்டவருக்கு, ஆள் ஒன்றுக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால்தான் கடப்பிதழைக் கேட்கிறார்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம். அசலை ஒப்படைக்கத் தேவையில்லை. சட்ட அதிகாரம் இல்லாமல் பிறர் கடப்பிதழை வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். இது முதலாளிக்கும் பொருந்தும்.

நம்ம ஊர்க்காரர், நம்ம மொழிக்காரர் என்பதால் வரும் ஒரு தொல்லை எழுத்து இல்லாமை. "எழுத்தெல்லாம் எதுக்குத் தம்பி, நமக்குள்ளே என்ன?" என்பார் வீட்டுக்கார அம்மா. "சரிங்கக்கா" என்று இவரும் தலையாட்டிவிடுவார். இரண்டு ஆண்டு கழித்து முன்பணம் திரும்பாதபோது அக்காவும் இல்லை, தம்பியும் இல்லை. அங்காடித் தாளில் எழுதியதாக இருந்தாலும் ஓர் ஒப்பந்தம் வேண்டும், அதற்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் 250 ரிங்கிட்டுக்கு ஒரு ரிங்கிட். 800 வாடகை வீட்டுக்கு மொத்தமே 39 ரிங்கிட்! இந்த 39ஐ மிச்சம் பிடிக்கப் போய்த்தான் 2,000 ரிங்கிட் முன்பணத்தைப் பறிகொடுக்கிறார்கள். முத்திரையிடாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. குடிபோகும் நாளிலேயே மீட்டர் எண்ணையும், சுவர் விரிசலையும், ஒழுகும் கூரையையும் கைப்பேசியில் படம் பிடித்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிட்டால், பின்னால் பாதி வாக்குவாதம் வராது.

வாடகை வீட்டுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவரப் போவதாக அரசு பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தாலும், 2025 முடியும்வரை அது நிறைவேறவில்லை. அதற்காகச் சட்டமே இல்லை என்று அர்த்தமல்ல. ஒப்பந்தம் முடிந்த பிறகுகூட, குடியிருப்பவர் உள்ளே இருக்கும்போது வீட்டுக்காரர் தாமாகப் பூட்டு மாற்றவோ சாமானை வெளியே போடவோ கூடாது. நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டுத் தனிநிவாரணச் சட்டத்தின் ஏழாம் பிரிவு. மறுபக்கம், காலம் முடிந்தும் காலி செய்யாமல் பிடிவாதமாக இருப்பவரிடம் வீட்டுக்காரர் இரட்டை வாடகை கேட்கவும் 1956ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டம் வழிவிடுகிறது. லயத்திலிருந்து இறக்கப்பட்டவருக்குக் கிடைக்காத ஒரு பிடி, தன் பெயரில் ஒப்பந்தம் எழுதிய வாடகைக்காரருக்கு இருக்கிறது. முதலாளி பெயரில் எழுதிய ஒப்பந்தத்துக்கும் தன் பெயரில் எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் வேலை போகும் அன்றுதான் தெரியும்.

முன்பணம் திரும்பி வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு ஓடுகிறார்கள். வீடு, நிலம் சம்பந்தப்பட்ட வழக்கு அங்கே எடுபடாது. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 ரிங்கிட் வரையிலான சிறுகோரிக்கை வழக்கு என்று ஒன்று உண்டு; வழக்கறிஞர் வேண்டாம், ஒரு படிவம் போதும். முத்திரையிட்ட ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, அந்தக் கைப்பேசிப் படங்கள் ஆகியவற்றை உடன் எடுத்துப் போக வேண்டும். படிவத்தை மலாயில் நிரப்ப வேண்டும். புந்தோங்கில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தோட்டத்திலிருந்து மூட்டையோடு வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.