ஆரம்பம் இல்லாதவர்

(புதுச்சேரியில் நடந்த நம் மருத்துவமனைப் பங்காளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



இன்று காலை மிஷன் வீதி வழியாக வந்தவர்கள் சம்பா கோவிலைப் பார்த்திருப்பீர்கள். ஜென்மராக்கினி மாதா பேராலயத்தை நம் ஊரில் அப்படித்தான் சொல்லுகிறோம். இப்போது நிற்கிற கட்டடம் 1791-ல் முடிந்தது. அதற்கு முன் அங்கே இருந்த கோவில், 1761-ல் ஆங்கிலேயர் இந்த நகரத்தைத் தரைமட்டமாக்கியபோது அதோடு போயிற்று. இந்த ஊரையே பாருங்கள். 1674-ல் பிரெஞ்சுக்காரர் குடியேறினார்கள், 1954-ல் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். பாண்டிச்சேரி என்ற பெயரும் 2006-ல் புதுச்சேரி ஆயிற்று. தேதி போட்டு ஆரம்பித்த எதுவும் தேதி போட்டு முடிகிறது. அப்படியானால் பெத்லகேமில் பிறந்து கல்வாரியில் மரித்த ஒருவரை நித்தியமானவர் என்று நாம் சொல்வது எப்படி?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டது ஒரு வேதசாஸ்திரி அல்ல. நம் பொது வார்டில் படுத்திருந்த, கடலோரக் கிராமத்து மீனவத் தாயார் ஒருவர். சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண். அம்மனைக் கும்பிடுகிறவர். ஜெபிக்கலாமா என்று கேட்டேன். "ஐயா, உங்க சாமி முப்பத்து மூணு வயசுல செத்துப்போனவருதானே? எம்புள்ளயும் அந்த வயசுலதான் கடல்ல போனான். செத்தவனுக்காக செத்தவர்கிட்ட என்னத்தக் கேக்குறது?" என்றார்.

அவர் உயிர்த்தெழுந்தார் அம்மா என்றேன். "எம்புள்ள எந்திரிக்கலியே" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வாயில் வந்த வசனத்தை விழுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பிரியமானவர்களே, இதே கேள்வி சபையை ஒரு காலத்தில் இரண்டாகப் பிளந்தது. அலெக்சாந்திரியாவில் ஆரியு என்ற மூப்பர், குமாரன் மிக உயர்ந்தவர், ஆனாலும் பிதாவால் உண்டாக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்று போதித்தார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மகன் என்றால் தகப்பனுக்குப் பிந்தினவன்தானே! 325-ல் இன்றைய துருக்கியில் இருக்கிற நிசேயா பட்டணத்தில் ஏறக்குறைய 300 ஆயர்கள் கூடி, குமாரன் உண்டாக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டார்கள். 2025-ல் அதற்கு 1700 ஆண்டுகள் நிறைவாயின. அதோடு சண்டை ஓய்ந்துவிடவில்லை. பின்னால் சிலர், "ஒரே தன்மை" வேண்டாம், "ஒத்த தன்மை" என்று சொல்லலாமே என்றார்கள். கிரேக்கத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஓர் எழுத்துக்காகவா இவ்வளவு என்று நானும் வேதாகமக் கல்லூரியில் படிக்கும்போது சிரித்திருக்கிறேன். அந்த வார்டை விட்டு வந்த அன்று சிரிப்பு வரவில்லை.

2011 டிசம்பர் 30-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தானே புயல் நம் ஊரையும் கடலூரையும் புரட்டிப்போட்ட நாள். கூரை பறந்துபோன வீட்டுக்கு முன்னால் யாராவது வந்து நிற்கமாட்டார்களா என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். பெரிய அதிகாரி ஒரு கணக்குப்பிள்ளையை அனுப்பிக் கணக்கெடுப்பது ஒன்று, சேற்றில் இறங்கி அவரே வருவது வேறொன்று. ஆரியு சொன்னதன்படி பார்த்தால், நம் துன்பத்துக்குள் கடவுள் வரவில்லை, தாம் உண்டாக்கிய ஒருவரை அனுப்பிவைத்தார். நிசேயா சொல்வது, அவர் தாமே வந்தார் என்பது. சிலுவையில் பட்டது மனித சரீரத்தில் பட்ட பாடுதான். ஆனால் பட்டவர் வேறொருவர் அல்ல, ஆதியிலிருந்தே இருந்தவர்.

யோவான் எட்டாம் அதிகாரத்தின் முடிவை வீட்டுக்குப் போய் வாசித்துப் பாருங்கள். ஆபிரகாமுக்கு முன்பு தாம் இருந்ததைப்பற்றி ஆண்டவர் பேசுகிறார். ஆனால் "இருந்தேன்" என்று சொல்லவில்லை, "இருக்கிறேன்" என்கிறார். பள்ளிக்கூடத்தில் இப்படி எழுதினால் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். கேட்டவர்களுக்கோ அர்த்தம் நன்றாக விளங்கிற்று. அதனால்தான் கல்லை எடுத்தார்கள்.

தமிழில் இதைச் சொல்ல நம் முன்னோர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. இங்கே கத்தோலிக்க சகோதரர் வெகுகாலம் "சர்வேசுரன்" என்றார்கள். பப்ரீஷியஸ் ஐயர் "பராபரன்" என்று எழுதினார். நம் பழைய வேதாகமத்தில் "தேவன்". 1995-ல் இரு சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியத்தில் "கடவுள்". இயேசுவும் ஓர் அவதாரமா என்று நம் அயலார் கேட்கிறார்களே, சென்னையில் வழக்கறிஞராக இருந்த சக்கரைச் செட்டியார் அதைக் கண்டு பின்வாங்கவில்லை. இந்து குடும்பத்தில் 1880-ல் பிறந்து கிறிஸ்துவை ஏற்றவர், பின்னாளில் சென்னை மேயர், தொழிற்சங்கத் தலைவர். அவதாரம் என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். மற்றவை வந்த வேலை முடிந்ததும் மறையும், இயேசு எடுத்த மனுஷத்தன்மையோ நிலைத்திருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அது பிடித்திருக்கிறது. சுமந்த சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் போய்விடவில்லை.

ஒரு விஷயம் பங்காளர்களாகிய நீங்கள் அறியவேண்டும். நிசேயா விசுவாசத்துக்காக ஆரிய சார்புள்ள வாலன்ஸ் பேரரசனை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் செசரியா நகரத்து ஆயர் பசிலியார். அவர்தான் அந்நகரத்துக்கு வெளியே ஏழை நோயாளிகளுக்கு ஒரு பெரிய இல்லம் கட்டினார். ஊரார் விரட்டிய குஷ்டரோகிகளுக்கும் அங்கே இடம் இருந்தது. அவர்களை அவர் தாமே தொட்டார். உபதேசம் வேறு, ஊழியம் வேறு என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. 1827-ல் குளுனி சபைச் சகோதரிகள் கப்பலேறி இந்த ஊருக்கு வந்ததும் அதே வழியில்தான்.

அந்தத் தாயாரிடம் மறுபடியும் போனேனா என்று கேட்பீர்கள். போனேன், வசனம் எதுவும் சொல்லவில்லை. நர்ஸ் தங்கச்சி ஒருத்தி தரையில் உட்கார்ந்து புண்ணைக் கழுவிக் கட்டிக்கொண்டிருந்தாள். துணி, மருந்து, பஞ்சு எல்லாம் உங்கள் காணிக்கையில் வாங்கியவை. தாயார் என்னைப் பார்த்து, "ஒசந்த சாமி இந்தப் பொண்ணு மாதிரி கீழ வந்து குந்துனாருன்னு சொல்றீங்க, அப்படித்தானே ஐயா?" என்றார். ஆம் அம்மா, அதைத்தான் சொல்லுகிறோம் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப எம்புள்ள முங்குனப்பவும் அங்க இருந்தாரா?" என்றார்.

இருந்தார் என்றேன். எப்படி இருந்தார், ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கால் ஆறிப் போய்விட்டார். ஞானஸ்நானம் எதுவும் இல்லை. அறிக்கையில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை வரும்போது, மகன் பெயரைச் சொல்லி ஜெபிக்கும்படி கேட்கிறார். நாங்கள் ஜெபிக்கிறோம். நீங்களும் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது யாவரும் எழுந்து நின்று, நிசேயா விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொல்லுவோம். உட்கார்ந்திருக்கவேண்டியவர்கள் உட்கார்ந்தே சொல்லலாம்.