காற்றலையும் பொதுச்சொத்தே

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். படிக்கும் பிள்ளையைக் கெடுக்கும் பெட்டி என்று அதனைச் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆயினும் பள்ளிக்கூடத்தைப் போலவே செய்தியும் அறிவின் வாயிலாகும். அவ்வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது, யாருக்கு அடைபட்டிருக்கிறது என்று கேட்பதும் கல்வியைப் பற்றிய கேள்வியே.

பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்குளம் ஆகியவை நமக்கும் உரியவை என்னும் தீர்மானம் 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பின்னர் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு பெற்ற அரசியலமைப்புச் சட்டம், தன் 15-ஆம் பிரிவில் அதனை நாட்டின் சட்டமாகவே ஆக்கியது. அரசுப் பணத்தில் நடைபெறும் பொது இடங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுத்தல் கூடாது என்பது அதன் கருத்து. ஆனால் சட்டம் திறந்த கிணற்றை ஊர் எவ்வாறு மூடியது என்பதை நம் பாட்டன்மார் அறிவர். கிணறு ஊர்த்தெருவில் இருந்தது. நம் குடமோ சேரியில் இருந்தது. பொதுப்பொருள் எங்கே வைக்கப்படுகிறது என்பதே, அது உண்மையில் யாருக்குப் பொது என்பதை முடிவு செய்கிறது.

தொலைக்காட்சியின் கதையும் இதுவே. 1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. ஊருக்கு ஒரு பொதுப்பெட்டி என்பது ஏற்பாடு. தமிழ்நாடு அவ்வாறு மாநிலங்களுள் ஒன்றன்று. எனினும் அதே மாதம் 15-ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிற்று. காலப்போக்கில் நம் பஞ்சாயத்துகளிலும் தொலைக்காட்சி அறைகள் எழுந்தன. அவற்றுட் பல ஊர்ப்பகுதியில் எழுந்தன. வெள்ளிக்கிழமை மாலையில் 'ஒளியும் ஒலியும்' காணச் சென்ற நம் பிள்ளைகள் அறைக்குள் அமரவில்லை. சன்னலுக்கு வெளியே நின்றார்கள். பெட்டி வாங்கிய வரிப்பணத்தில் நம் பணமும் இருந்தது. இருக்கை மட்டும் நமக்கில்லை.

2006-இல் தமிழ்நாடு அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. அத்திட்டத்தை எள்ளி நகையாடியவர் பலர். அவர்கள் எவரும் சன்னலுக்கு வெளியே நின்று படம் பார்த்தவர்கள் அல்லர். பெட்டி நம் கூரையின் கீழ் வந்த அன்று, மற்றவர் வாசலில் நிற்கும் நிலை முடிந்தது. அது சிறிய மாற்றமன்று.

ஆனால் பெட்டி வேறு, பெட்டிக்குள் வருவது வேறு. முன்பு கம்பத்தில் ஓர் ஆன்டெனா கட்டினால் தூர்தர்ஷன் கட்டணமின்றித் தெரிந்தது. அந்தத் தரைவழி ஒளிபரப்பு நிலையங்களில் ஒரு சிலவற்றைத் தவிர ஏனையவை 2022-ஆம் ஆண்டிற்குள் மூடப்பட்டன. இன்று மாதந்தோறும் கேபிள் கட்டணம் செலுத்துபவர்க்கே படம் தெரியும் என்று பலர் எண்ணுகின்றனர். 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடங்கள் கல்வித் தொலைக்காட்சி வழியே வந்தன. கூலியும் இல்லாத அந்நாட்களில் கேபிள் கட்டணம் கட்ட இயலாத வீட்டில் பெட்டி இருந்தது, பாடம் இல்லை. பழைய சன்னல் இப்போது கட்டணச் சீட்டாக உருமாறி நம் வீட்டிற்குள்ளேயே வந்துவிட்டது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2004 முதல் தூர்தர்ஷன் நடத்திவரும் இலவச டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது; டிஷ்ஷும் பெட்டியும் வாங்கும் ஒருமுறைச் செலவு மட்டுமே. கல்விக்கென்றே அமைந்த அலைவரிசைகளும் அதில் உண்டு. குறையும் உண்டு. அதில் இடம்பெறும் தனியார் அலைவரிசைகளுள் பெரும்பான்மை இந்தி மொழியின. தமிழுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. அதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டா? உண்டு. காற்றலைகள் பொதுச்சொத்து என்று 1995-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டமோ, சமூக நீதியை வளர்ப்பதும் தீண்டாமையை எதிர்ப்பதும் அந்நிறுவனத்தின் கடமை என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. கடமையை நிறைவேற்றுக என்னும் நினைவூட்டல்.

இளைஞர்களே! உங்களிடம் மூன்று பணிகளை ஒப்படைக்கின்றோம். முதலாவது, நம் மாலைநேரப் படிப்பகம் ஒவ்வொன்றிலும் இலவச டிஷ் ஒன்றைப் பொருத்துங்கள். பாட நிகழ்ச்சிகளின் நேரத்தைப் பலகையில் எழுதி வையுங்கள். இரண்டாவது, பார்த்த பின் பிள்ளைகளை அமர்த்திக் கேள்வி கேளுங்கள். கேள்வியில்லாத காட்சி கல்வியாகாது. மூன்றாவது, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபைக்குத் தவறாது செல்லுங்கள். பஞ்சாயத்துப் பணத்தில் வாங்கும் பெட்டி, யாவரும் தலைநிமிர்ந்து நுழையக்கூடிய இடத்திலேயே இருத்தல் வேண்டும் என்று தீர்மானம் கொண்டு வாருங்கள். அது பதிவேட்டில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.

கிணற்றுக்காகவும் சாலைக்காகவும் நம் முன்னோர் வாதாடினர். கண்ணுக்குப் புலப்படாத காற்றலைக்காக வாதாடுவது நம் தலைமுறையின் பங்கு. அப்பங்கைச் செய்வோம்.