மின்வெட்டு இரவில் எடுத்த குழுப்படம்



நூற்றாண்டு விழாவில் விண்மீன்களுக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். நாங்கள் மூவரும் ஒரு குழுப்படத்தைப் பற்றித்தான் பேச வந்தோம்.

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். எரிவாயு வரிசையில் நின்று களைத்த நாங்கள், ஓரிரவு தெமட்டகொடையில் ஒரு மொட்டைமாடியில் ஏறினோம். பேஸ்லைன் வீதி வெளிச்சத்தில் வழமையாக வெளிறிக் கிடக்கும் வானம், அமாவாசையை அண்டிய அந்த இருளில் நட்சத்திரங்களால் நிறைந்திருந்தது.

எங்களிடம் இருந்தவை 80 மில்லிமீற்றர் வில்லை கொண்ட சிறிய தொலைகாட்டி, விண்மீன்களின் ஓட்டத்தோடு திரும்பும் தாங்கி, கமரா, ஒரு கார் பற்றரி. சிம்ம இராசியில், பூர நட்சத்திரத்துக்கு அருகே, ஏறத்தாழ 3.5 கோடி ஒளியாண்டு தூரத்தில் மூன்று விண்மீன் திரள்கள் உள்ளன. எம் 65, எம் 66 இரண்டையும் 1780இல் பிரான்சின் சார்ள்ஸ் மெசியே தமது பட்டியலில் சேர்த்தார். மூன்றாவதான என்.ஜி.சி. 3628 நமக்கு விளிம்புப் பக்கத்தையே காட்டுவது, மங்கலானது. அது அவர் பட்டியலில் இல்லை. 1784இல் வில்லியம் ஹேர்ஷல்தான் அதனைக் கண்டார்.

30 விநாடிப் படமொன்றில் எங்களுக்கும் இரண்டே தெரிந்தன. ஆகவே 120 படங்கள் எடுத்தோம். மொத்தம் ஒரு மணிநேர ஒளி. பின்னர் அவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். கமரா தானாகப் போடும் புள்ளிகள் படத்துக்குப் படம் இடம் மாறுவதால் மங்கிவிடும். வானிலிருந்து வந்த ஒளி ஒரே இடத்தில் சேரும். மூன்றாமவள் மெல்லிய கோடாக வெளிப்பட்டாள்.

அப்போதுதான் எங்கள் வகுப்புப் படம் நினைவுக்கு வந்தது. 1983 ஜூலைக்குப் பின் பாடசாலை திறந்தபோது பல கதிரைகள் வெறுமையாக இருந்தன. அவ்வாண்டுப் படத்தில் அந்தத் தோழியர் இல்லை. மலருக்காக நாங்கள் தொகுத்த பட்டியலிலும் இல்லை. பழைய படங்களைப் பார்த்தே தொகுத்தோம். தவறு எங்களுடையது.

உங்களிடம் கேட்பது ஒன்றே. ஒருவருக்குப் பெயர் நினைவிருக்கும், இன்னொருவருக்கு அவள் இருந்த ஒழுங்கை, வேறொருவருக்கு யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ ரொறொன்ரோவுக்கோ போன செய்தி. தெரிந்தது எவ்வளவு சிறிதானாலும் எழுதித் தாருங்கள். சேர்த்துப் பார்ப்போம்.