வைராக்கியம் எதை விடச் சொல்கிறது?

கோபாலபுரத்தில் ஒரு பட்டமளிப்பு மேடையில் வைராக்கியத்தைப் பற்றிப் பேசுவானேன், வேலை தேடும் வயதில் துறவு எதற்கு என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் நம் வீடுகளில் அந்தச் சொல் துறவைக் குறிப்பது அரிது. 'வைராக்கியமாகப் படித்து முன்னுக்கு வந்தாள்' என்கிறோம். எடுத்ததை விடாத உறுதியைத்தான் சொல்கிறோம். வடமொழியிலோ அது ராகம், அதாவது பற்று, நீங்கிய நிலை. தமிழ் வழக்கில் பொருள் திரிந்துவிட்டது என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேச்சு வழக்கு நூல்களின் உள்ளோட்டத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறது என்பது என் கருத்து.

பதஞ்சலியின் யோக சூத்திரம் முதல் பாதம், 12-ஆம் சூத்திரம் மன அலைவை அடக்க அப்பியாசம் என்னும் பயிற்சி, வைராக்கியம் என இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. நெடுங்காலம், இடைவிடாமல், அக்கறையோடு செய்தால்தான் அப்பியாசம் ஊன்றும் என்கிறது 14-ஆம் சூத்திரம். கண்டும் கேட்டும் அறிந்த சுகங்கள்மீது தாகம் தீர்ந்து, மனம் தன் வசத்தில் நிற்பதே வைராக்கியம் என்கிறது அடுத்தது. கீதையின் 6-ஆம் அத்தியாயத்தில், மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் கடினம் என்று அர்ஜுனன் முறையிடும்போது கண்ணன் தருவதும் இதே இரட்டை விடைதான். பொருள்களைத் தூக்கி எறி என்று இவ்விடங்கள் சொல்லவில்லை. அவற்றின் பின்னே ஓடும் தாகத்தை விடச் சொல்கின்றன. பயிற்சி இல்லாத பற்றின்மை நிலைக்காது என்பது நம் பாட்டிமார்களுக்கும் தெரியும். மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் என்று அவர்கள் பெயரிட்டது, அந்த நேரத்தோடு கரைந்துபோகும் உறுதியைத்தான்.

பயிற்சியும் பற்றின்மையும் இணைந்த வாழ்க்கை ஒன்று இந்தச் சென்னையிலேயே நடந்தது. 1888-இல் பிறந்த யோக ஆசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனை ஆதரவில் 1930-களில் யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்கார், பட்டாபி ஜோய்ஸ், இந்திரா தேவி ஆகியோர் அவரிடம் கற்றனர். சுதந்திரத்துக்குப் பின் அரண்மனை ஆதரவு போய் யோகசாலை மூடப்பட்டபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. சென்னைக்கு வந்து, ஒவ்வொருவரின் உடல்நிலைக்கும் ஏற்பப் பயிற்சியை அமைத்து, முதலிலிருந்து தொடங்கினார். 1989-இல் நூறு வயதைத் தாண்டி மறையும்வரை அவர் சந்நியாசம் வாங்கவில்லை. மனைவி மக்களோடு வாழ்ந்த இல்லறத்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-இல் தந்தையின் பெயரால் 'கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அரண்மனையை இழந்தவர் அப்பியாசத்தை இழக்கவில்லை. வைராக்கியத்தின் இரண்டு பொருளும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை மழுப்பக் கூடாது. இந்நூல்களைப் பெரும்பாலோரைத் தொடவே விடாமல் வைத்திருந்த சமூகம் இது. குடும்பத்தில் முதல்முறையாகப் பட்டம் பெறும் பிள்ளையிடம் ஆசையை விடு என்பது, இருந்த இடத்திலேயே இரு என்பதாகாதா? அப்படிப் பயன்படுத்தப்பட்டது உண்மை, அது அநீதி. ஆனால் நூல் அதற்குத் துணை நிற்கவில்லை. திருக்குறளில் துறவும் அவாவறுத்தலும் இருக்கும் அதே நூலில்தான் ஊக்கமுடைமையும் ஆள்வினையுடைமையும் இருக்கின்றன. கீதையின் 18-ஆம் அத்தியாயம் இன்னும் வெளிப்படை: செய்ய வேண்டியதை மயக்கத்தால் விடுவது தாமசம், உடல் வருந்துமே என்று அஞ்சி விடுவது ராஜசம், பலன்மீதான பற்றை விட்டுச் செயலைச் செய்வதே சாத்விகம். பலனில் பற்று வேண்டாம் என்றால் கூலி கேட்காதே என்று பொருளில்லை. உழைப்புக்குரியதைக் கேட்பது நியாயம், அது கிடைக்கும்வரை வேலையில் மனம் சிதறாதிருப்பது வைராக்கியம். உரிய சம்பளத்தைக் கேட்கும் உங்களிடம் யாராவது பற்றின்மையை உபதேசித்தால், 7 முதல் 9 வரையுள்ள அந்த மூன்று சுலோகங்களை அவரையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.