ஆலைச் சங்கு எழுப்பிய தெருக்கள்

இன்றைய பயண உரை சென்னை மாநகரின் வடபகுதியில் உள்ள பழைய தொழிலாளர் தெருக்களைப் பற்றியது. சென்ட்ரல் இரயில் நிலையத்திலிருந்து வடமேற்காகப் புறப்பட்டுச் சூளையைக் கடந்தால், பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி என்று ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் குடியிருப்புகள் தொடங்குகின்றன. கிழக்கே பேசின் பிரிட்ஜ் இரயில் பாதைகளும் பக்கிங்காம் கால்வாயும், வடக்கே பெரம்பூரும், மேற்கே புரசைவாக்கமும் சூழ்ந்த இந்த நிலப்பகுதி ஏறத்தாழ 120 ஆண்டுக்காலம் ஒரு பெரும் துணியாலையைச் சார்ந்தே வாழ்ந்தது. மக்கள் வழக்கில் ‘பின்னி மில்’ என்றும் ‘பி அண்டு சி மில்’ என்றும் அறியப்பட்ட அந்த ஆலை இன்று இல்லை. ஆனால் அதன் மதிலோரத் தெருக்களில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுடைய நினைவில் நிலைத்திருக்கும் தெரு எப்படி இருந்தது, அது பிள்ளைகளை எவ்வாறு வளர்த்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

தெருவைப் புரிந்துகொள்வதற்கு முதலில் ஆலையைப் புரிந்துகொள்ள வேண்டும். பின்னி நிறுவனத்தார் 1876ஆம் ஆண்டில் பக்கிங்காம் ஆலையைத் தொடங்கினார்கள். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே, பிற்காலத்தில் கால்வாய்க்கு அமைந்ததைப் போல, ஆலைக்கும் அமைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் அருகிலேயே கர்நாடிக் ஆலை எழுந்தது. இரண்டும் 1920இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. ஆலை தொடங்கிய அதே 1876இல்தான் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைப் பற்றியது. பஞ்சத்தாலும் கடனாலும் நிலமின்மையாலும் ஊரைவிட்டுப் பெயர்ந்து, செங்கற்பட்டு, வடாற்காடு, நெல்லூர்ப் பக்கங்களிலிருந்து சென்னைக்கு வந்த குடும்பங்கள் பல, காலப்போக்கில் இந்த ஆலையின் தறிகளிலும் நூற்புப் பொறிகளிலும் வேலை பெற்று, ஆலையைச் சுற்றியே குடியமர்ந்தன. படைகளுக்கு வேண்டிய காக்கித் துணிக்கு இந்த ஆலை உலகெங்கும் பெயர்பெற்றிருந்தது. முதல் உலகப்போரின் இறுதியில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள் இங்கே உழைத்தார்கள். தமிழும் தெலுங்கும் பேசியோர், ஆதிதிராவிடர், சாதி இந்துக்கள், இசுலாமியர், கிறித்தவர் ஆகிய அனைவரும் அருகருகே வாழ்ந்த தெருக்கள் இவ்வாறுதான் உருவாயின.

இத்தெருக்களில் பொழுதை அளந்தது கடிகாரம் அன்று, ஆலையின் சங்கு. நீராவியால் ஒலித்து, வேலை முறை தொடங்குவதையும் முடிவதையும் அறிவித்த ஊதுகுழலை மக்கள் ‘மில் சங்கு’ என்றே அழைத்தார்கள். வேலை முறைக்கு ‘ஷிப்டு’ என்று பெயர். விடியற்காலைச் சங்குக்கு முன்பே அடுப்பு மூட்டுவதும், சங்கு ஊதியதும் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்புவதும், மாலைச் சங்கு கேட்டதும் தெருமுனையில் தந்தையின் வருகையைப் பார்த்து நிற்பதும் அன்றாட ஒழுங்காக இருந்தன. இரவு ஷிப்டு முடித்த தந்தை பகலில் உறங்கும் வீட்டில் பிள்ளைகள் உரக்கப் பேசுவதற்கும் இடமில்லை. ஆகவே அவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வேலை முடிந்து திரும்பும் ஆண்களின் தலைமுடியிலும் புருவத்திலும் வெண்பஞ்சுத் துகள் படிந்திருந்ததையும், அத்துகளை ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளிழுத்ததால் நெஞ்சில் தங்கிய இருமலையும் அக்காலப் பிள்ளைகள் நன்கு அறிந்திருந்தார்கள். பஞ்சாலைத் தூசியால் நுரையீரலைத் தாக்கும் இந்நோயை மருத்துவர்கள் ‘பிசினோசிஸ்’ என்று குறிப்பிடுகிறார்கள்.

வீடு என்பது பெரும்பாலும் ஓர் அறைதான். ஒரு பொது முற்றத்தின் இருபுறமும் வரிசையாக ஓரறைக் குடித்தனங்கள் அமைந்து, குழாயும் கழிப்பறையும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தால், அந்த அமைப்பைச் சென்னையில் ‘ஸ்டோர்’ என்பார்கள். ஆலை நிர்வாகம் தொழிலாளர்களுக்காகக் கட்டிக்கொடுத்த குடியிருப்புகளும் இருந்தன. 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தபின் எழுந்த அடுக்குமாடி வீடுகளும் உண்டு. அவற்றை இப்பகுதி மக்கள் இன்றும் ‘ஹவுசிங் போர்டு’ என்றே சொல்லுகிறார்கள். எந்த வகை வீடாயினும் அது உறங்குவதற்கும் சமைப்பதற்கும் மட்டுமே போதுமாயிருந்தது. படிப்பதும் விளையாடுவதும், கோடை இரவில் பாய் விரித்துப் படுப்பதும் தெருவில்தான் நிகழ்ந்தன. தெருவிளக்கின் அடியில் பாடம் படித்த தலைமுறை இங்கே மிகப் பெரியது. குடிநீரும் தெருவில்தான் கிடைத்தது. மாநகராட்சிக் குழாயில் அழுத்தம் குறைவாக இருந்ததால், கையால் அடித்து நீரை மேலேற்றும் ‘அடி பம்பு’ தெருதோறும் நின்றது. நீர் வருகின்ற நேரத்துக்குக் குடங்களை வரிசையாக வைத்து, அந்த வரிசையைக் காத்து நிற்பது பிள்ளைகளின் கடமை. யாருடைய குடம் யாருக்கு முன் என்ற வழக்கில் நியாயம் பேசவும் விட்டுக்கொடுக்கவும் அவர்கள் முதன்முதலில் கற்றுக்கொண்ட இடம் அந்தக் குழாயடியே எனலாம்.

ஆயினும் இத்தெருக்களின் மூத்த தலைமுறைகளுக்குப் பிள்ளைப் பருவம் என்பதே முழுமையாக வாய்க்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் இயற்றப்பட்டபோது, ஏழு வயது நிறைந்த குழந்தையை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்க அது இடமளித்தது. 1891இல் அந்த வயது ஒன்பதாகவும் நேரம் ஏழு மணியாகவும் மாறின. 1922இல்தான் 12 வயதுக்குட்பட்டோரை ஆலையில் சேர்ப்பது தடைசெய்யப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வயதை 14ஆக உயர்த்தியது. இச்சட்டங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பாதி நாள் ஆலையிலும் பாதி நாள் பள்ளியிலும் கழித்த சிறுவர்கள் ‘அரைநேரத் தொழிலாளர்’ எனப்பட்டார்கள். அவர்களுக்காக ஆலையே ஒரு பள்ளியையும் நடத்தியது. ஒரு தலைமுறையின் பிள்ளைகள் தறிக்கூடத்திலும் அடுத்த தலைமுறையின் பிள்ளைகள் தெருவிலும் பள்ளியிலும் வளர்ந்தார்கள் என்றால், அந்த மாற்றத்துக்குச் சட்டம் ஒரு காரணம். தொழிலாளர்கள் தாமே திரண்டது மற்றொரு காரணம்.

அத்திரட்சி நண்பகல் உணவிலிருந்து தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. 1918இல் உணவு இடைவேளை அரைமணி நேரமே இருந்தது. கைகழுவி, சோற்றைத் தேடியெடுத்து உண்பதற்குள் சங்கு ஊதிவிடும் என்பது தொழிலாளர்களின் முறையீடு. இதனை எடுத்துச் சொன்னவர்கள் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஆவர். அவர்களுடைய முயற்சியால் பி. பி. வாடியாவின் தலைமையில் 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் மதிக்கும் இச்சங்கத்தில் தமிழறிஞர் திரு. வி. கலியாணசுந்தரனார் தொடக்கம் முதலே பங்கேற்றார். அவர் பேசிய கூட்டங்களில், ஏட்டுத் தமிழை அறியாத எளிய மக்கள் நல்ல தமிழைச் செவிவழியாகப் பெற்றார்கள். தந்தையரின் தோளில் அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு.

வேலைநிறுத்தக் காலங்கள் பிள்ளைகளின் நினைவில் வேறு வடிவில் தங்கின. 1921 ஜூன் முதல் அக்டோபர் வரை நீடித்த வேலைநிறுத்தத்தின்போது, வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே பகை மூண்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. காவலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தொழிலாளர் ஒற்றுமையைச் சாதி எவ்வளவு எளிதில் பிளந்துவிடும் என்பதற்கு அந்த ஆண்டு நீங்காத சான்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து சென்னைக்கு வந்து 1946இல் சங்கத் தலைவரான எஸ். சி. சி. அந்தோணிப் பிள்ளையின் காலத்தில், 1947இல் மீண்டும் ஒரு நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. இத்தகைய மாதங்களில் பித்தளைக் குடமும் அண்டாவும் ‘சேட்டுக் கடை’ எனப்படும் அடகுக் கடைக்குப் போயின. மளிகைக் கடையின் கணக்கு நோட்டில் கடன் ஏறியது. அண்டை வீட்டின் கஞ்சி இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பகிரப்பட்டது. பசித்த பிள்ளை எந்த வீட்டு வாசலிலும் உட்காரலாம் என்ற வழக்கம் இரக்கத்தால் மட்டும் வந்ததன்று. நாளை தன் பிள்ளைக்கும் அந்நிலை நேரலாம் என்ற பட்டறிவால் வந்தது.

விளையாட்டிலும் இத்தெருக்கள் தனிச் சிறப்புடையவை. கோலி, கில்லி, பம்பரம் ஆகியவை பிற ஊர்களிலும் உண்டு; பெண்பிள்ளைகள் பாண்டியும் பல்லாங்குழியும் ஆடினார்கள். ஆனால் காத்தாடி வட சென்னையின் பெருவிருப்பம். கண்ணாடித் தூளையும் வஜ்ஜிரப் பசையையும் சாயப்பொடியோடு காய்ச்சி நூலில் பூசுவதற்கு மாஞ்சா போடுதல் என்று பெயர். அந்நூலைக் கொண்டு எதிராளியின் காத்தாடியை அறுக்கும் போட்டியை ‘டீல்’ என்பார்கள். மாஞ்சா நூல் சாலையில் செல்வோரின் கழுத்தை அறுத்து உயிர் பறித்ததால் இன்று அது தடைசெய்யப்பட்டிருப்பது முற்றிலும் சரியானதே. குறைந்த இடமும் குறைந்த செலவும் போதுமான கேரம் பலகை தெருமுனை மன்றங்களில் நிலைத்து, உலகத் தரத்துக்கு உயர்ந்தது. இருமுறை உலக வாகையர் பட்டம் பெற்று, 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதையும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, வண்ணாரப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

ஆண்டின் பெருவிழா ஆடி மாதத்தில் வரும் கூழ் வார்த்தல். தெருவுக்குத் தெரு அமைந்த அம்மன் கோயில்களின் முன் பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் சேர்த்து வருவோர்க்கெல்லாம் வழங்குவார்கள். இரவில் தெருவின் குறுக்கே வெண்துணித் திரை கட்டித் திரைப்படம் காட்டுவார்கள். திரையின் முன்புறம் இடம் கிடைக்காத பிள்ளைகள் பின்புறம் அமர்ந்து, இடவலம் மாறிய உருவங்களையும் கண்டு மகிழ்ந்தார்கள். பிப்ரவரியில் பெரம்பூர் லூர்து மாதா ஆலயத் திருவிழாவுக்கும், ரம்ஜானில் இசுலாமியர் வீட்டு நோன்புக் கஞ்சிக்கும் பிள்ளைகள் மத வேறுபாடின்றிச் சென்றார்கள்.

ஆலை 1996இல் மூடப்பட்டது. சங்கு நின்றபின், சில காலம் திரைப்படப் படப்பிடிப்புகளுக்குப் பயன்பட்ட ஆலைக் கூடங்கள் பின்னர் இடிக்கப்பட்டன. அந்த நிலத்தில் இப்போது உயர்ந்த அடுக்கு மாளிகைகள் எழுந்துள்ளன. தொழிலாளரின் பிள்ளைகளும் பேரர்களும் ஆட்டோ ஓட்டுநராகவும் மின்பணியாளராகவும் அலுவலக ஊழியராகவும் பட்டதாரிகளாகவும் ஆகிவிட்டார்கள். எனினும் தெருக்களின் அமைப்பு பெரிதும் மாறவில்லை. நேயர்கள் இங்கே செல்வதானால் மாலை வேளையில் செல்வது நல்லது. பட்டாளத்திலிருந்து ஸ்ட்ராஹான்ஸ் சாலை வழியாக ஓட்டேரி நோக்கி நடந்தால், பழைய ஓட்டு வீடுகளையும் அம்மன் கோயில்களையும் கேரம் மன்றங்களையும், அருகே ஓடும் ஓட்டேரி நல்லா என்னும் நீர்ப்போக்கையும் காணலாம். அந்நீர்ப்போக்கு இன்று கழிவுநீர் ஓடையாகிவிட்டது. மழைக்காலத்தில் அது பெருகித் தாழ்ந்த தெருக்களில் புகுவது இம்மக்கள் இன்றும் சுமக்கும் துன்பம்.

வட சென்னை என்றதும் வன்முறையை மட்டும் நினைக்கப் பழகியவர்களுக்கு இத்தெருக்கள் தரும் விடை தெளிவானது. ஆலை பெற்றோரின் நேரத்தை எடுத்துக்கொண்டது. பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பைத் தெரு ஏற்றுக்கொண்டது. நிறுவனத்தின் வரலாறும் சங்கத்தின் வரலாறும் ஏடுகளில் பதிவாகியுள்ளன. பிள்ளைகளின் வரலாறோ முதியோர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஆலை இயங்கிய காலத்தில் சிறுவராயிருந்தவர்கள் பலர் இன்று எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். ஆகவே, அத்தகைய பெரியவர் ஒருவர் தம் வீட்டில் இருக்கப்பெற்ற நேயர்கள் அவர் சொல்வதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும், அல்லது ஒலிப்பதிவு செய்துவைக்க வேண்டும். பள்ளிகளும் கல்லூரிகளும் இப்பணியை மாணவர்களுக்குப் பாடமாகவே தரலாம். இந்த மாநகரின் வரலாறு கோட்டையிலும் உயர்நீதிமன்றத்திலும் மட்டும் எழுதப்பட்டதன்று. பட்டாளத்திலும் புளியந்தோப்பிலும் எழுதப்பட்ட பகுதியைக் காப்பது நம் அனைவரின் கடமை.