பிலிகிரி மலைச் சோளகரும் வனப் பாதுகாப்பு விதிகளும்



வனங்களையும் வன விலங்குகளையும் காப்பதற்காக நம் நாட்டில் இயற்றப்பட்ட சட்டங்கள் நல்லெண்ணத்தில் பிறந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், அச்சட்டங்களின் பாரம் யாருடைய தோளில் இறங்குகிறது என்பதை ஒரு மலையை முன்வைத்து விசாரிப்பது இன்றைய பேருரைக்குப் பொருந்தும் என்று கருதுகிறேன்.

சத்தியமங்கலம் காடுகளுக்கு வடக்கே, கர்நாடகத்துச் சாமராஜநகர் மாவட்டத்திலுள்ள பிலிகிரி ரங்கன் மலை சோளகர் என்னும் பழங்குடியினரின் தாயகம். மலைமேல் கோயில் கொண்ட ரங்கநாதர் தங்கள் குலப்பெண்ணை மணந்தவர் என்னும் ஐதிகத்தால் அவரையே மைத்துனர் முறை வைத்து அழைக்கும் மக்கள் அவர்கள். 1974இல் அம்மலை சரணாலயமானதும், காட்டைத் திருத்தி இடம் மாற்றி மாற்றிக் கேழ்வரகு விதைத்த வழக்கமும் வேட்டையும் நின்றன. நெல்லிக்காய், தேன், கல்பாசி ஆகியவற்றைச் சேகரித்துப் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கத்தில் எடைபோட்டுக் கொடுப்பதே அவர்களுக்குப் பிரதான ஜீவனோபாயமாக எஞ்சியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் செய்யப்பட்ட திருத்தத்தை ஆதாரமாகக் கொண்டு, சில ஆண்டுகளுக்குள் அவ்வாறு விற்பனைக்குச் சேகரிப்பதற்கும் தடை வந்தது. உப்பும் துணியும் பிள்ளைகளின் படிப்பும் காசின்றிக் கிட்டாத காலத்தில், விற்கக்கூடாத நெல்லிக்காய் ஒரு குடும்பத்தை எத்தனை நாள் காப்பாற்றும்? பலர் காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலை தேடிப் போயினர்.

நெருப்பைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். கோடை முற்றுவதற்கு முன், பனியின் ஈரம் மண்ணை விட்டு முழுவதும் நீங்காத நாட்களில், தரையில் கிடக்கும் சருகுக்குச் சோளகர் தீயிடுவது வழக்கம். மரத்தைத் தொடாமல் சருகை மட்டும் எரித்து அவிந்துபோகும் அந்தச் சிறு தீயினால் புதுப்புல் தழைக்கும், புதர் மண்டாது, நெல்லிமரக் கிளைகளில் பற்றிச் சாரத்தை உறிஞ்சும் புல்லுருவியும் அடங்கும் என்பது தலைமுறைகளாக வந்த அவர்களுடைய அனுபவ ஞானம். சரணாலய விதி எல்லாத் தீயையும் ஒரே குற்றமாக எண்ணித் தடுத்தது. 1997இலும் 2008இலும் அம்மலையை அளந்த ஆய்வாளர்கள், புதராக மண்டும் உன்னிச்செடி காணப்பட்ட இடங்கள் இடைப்பட்ட காலத்தில் ஏறக்குறைய இருமடங்காகியிருப்பதைக் கண்டனர். தீயை நிறுத்தியதே ஏக காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. சோளகர் அப்படிச் சொல்கிறார்கள். விஞ்ஞானிகள் அதை ஆராயத்தக்க கூற்றாக மதிக்கிறார்கள். விதி செய்தவர்களோ சோளகரைக் கேட்கவேயில்லை. சருகுக்குத் தீயிடும் கையினாலும் நெல்லியைக் கொய்யும் கையினாலும் காட்டுக்குக் கேடு என்ற அனுமானம் பரீட்சிக்கப்படாமலே சட்டமாயிற்று என்பதே என் முறையீடு.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்த அநியாயத்துக்குப் பரிகாரம் தேடியது. 2011இல் அம்மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில், வன உரிமைச் சட்டத்தின்படி, சோளகரின் 25 கிராம சபைகளுக்கு வனத்தின்மேல் சமூக உரிமைப் பத்திரங்களும் வழங்கப்பட்டன. புலிக்கும் மனிதனுக்கும் ஒரே காட்டில் இடமுண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட அச்செயல் போற்றத்தக்கது.

மாநில எல்லைக்கு இப்பால், 2013இல் புலிகள் காப்பகமான நமது சத்தியமங்கலக் காடுகளிலும் சோளகர் வாழ்கிறார்கள். வனத்திட்டம் வகுக்கும் அதிகாரிகளை இம்மன்றத்தின் வாயிலாக வேண்டிக்கொள்கிறேன்: தீயைப் பற்றியோ, தேனைப் பற்றியோ, மேய்ச்சலைப் பற்றியோ ஒரு விதியை எழுதுமுன், அவர்களுடைய கிராம சபையைக் கூட்டி, மூத்தோர் சொல்வதைக் கேட்டு, சபையின் தீர்மானத்தையும் பெற்றுக்கொண்டு எழுதுங்கள்.